இரவல் வண்டியில் எடுத்த லைசென்ஸ்

அறுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம் அது. திண்டுக்கல்லில் ஓர் உரக் கம்பெனியின் விற்பனையாளராக நான் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் பஸ்ஸிலும் நடையிலுமாகப் போய் வந்துகொண்டிருந்தேன். லைசென்ஸ் எடுத்தால் மோட்டார் சைக்கிள் தருவோம், இந்த மாதத்துக்குள் எடுக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மதுரை ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முன்பே இரண்டு முறை தேறாமல் திரும்பியிருந்தேன். முதல் முறை எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டேன். இரண்டாவது முறை திரும்பும்போது கை காட்ட மறந்துவிட்டேன். தெரிந்த லாரி ஷெட்காரர் ஒருவரின் பழைய வண்டியை விடியற்காலையில் வாங்கி, நாகல் நகரைத் தாண்டி ஒரு பொட்டலில் பழகுவேன். அது லேசில் கிளம்பாது. உதைத்தால் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கி, செருப்புப் போட முடியாமல்தான் ஊர் ஊராக உரம் விற்றேன்.

லைசென்ஸ் டெஸ்ட் வைக்கும் அதிகாரியை நாங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். மாதத்தில் ஒருநாள் மதுரையிலிருந்து வருவார். மூன்றாவது முறைக்கு நான் கிளம்பிய அன்று ஷெட்டுக்குப் போனால் வண்டி இல்லை. ஷெட்காரரின் மச்சினன் பழனிக்கு எடுத்துப் போய்விட்டாராம். வண்டி கொண்டுபோகாமல் டெஸ்ட் கிடையாது. ஆனாலும் நடந்தே மைதானத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

எனக்குப் பின்னால் நின்றவருக்கு நாற்பது வயதிருக்கும். சின்னாளபட்டித் தறிக்காரர். சேலை மூட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மதுரைக் கடைகளுக்குப் போட்டுவந்தவர். லைசென்ஸ் இல்லாமல் போலீசில் மாட்டியதிலிருந்து வண்டியைத் தொடவில்லையாம். அன்றுகூடப் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஓட்டிவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்.

என் கதையைக் கேட்டுவிட்டு, "இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டு நிக்கிறீங்க? நம்ம வண்டிய எடுத்துக்கங்க, தம்பி. நீங்க முடிச்சுட்டு வாங்க, பெறகு நான் போறேன்" என்றார்.

என்னவோ, அன்று எட்டு ஒழுங்காக விழுந்தது. கையும் மறக்காமல் காட்டினேன். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டி என் தாளில் எழுதினார். உடம்பில் இருந்த பிடிப்பெல்லாம் அப்போதே விட்டுப்போயிருக்க வேண்டும். வண்டியைத் தறிக்காரரிடம் கொடுக்கத் திரும்பி வரும்போது, மணலில் முன்சக்கரம் சறுக்கி வண்டியோடு இடது பக்கம் விழுந்தேன். முழங்கை தேய்ந்தது. கிளட்ச் பிடி அடியோடு ஒடிந்துவிட்டது.

அவர் ஓடிவந்தார். "கைய மடக்குங்க. இப்ப நீட்டுங்க. வலிக்குதா?" என்று என் கையைத்தான் பார்த்தார். அதன் பிறகே வண்டியை நிமிர்த்தினார். ஒடிந்த துண்டைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் அவருக்காக வண்டி கேட்டேன். ஒருவர், "நீங்க விழுந்ததப் பாத்த பெறகு எவன் குடுப்பான்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தறிக்காரரை அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இரண்டு பேருமாக வண்டியை ஒர்க்‌ஷாப் வரை தள்ளிக்கொண்டு போனோம். வழியெல்லாம் நான் மன்னிப்புக் கேட்டேன். "வேணும்னா விழுந்தீங்க? விடுங்க. வெயில் ஏறுது, வெரசாத் தள்ளுங்க" என்றார்.

அந்தப் பிடி மதுரையில்தான் கிடைக்கும் என்றார்கள். கம்பெனி வண்டியை எடுக்கப் போன அன்று வாங்கிக்கொண்டு நேரே சின்னாளபட்டிக்குப் போனேன். மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றி இறக்கி, தோள்பட்டை பிடித்துப்போய் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று தெரிந்ததும் அவர் மனைவி காப்பி கொடுத்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய் நின்றேன். அவருடைய வண்டி நன்றாகத்தான் ஓடியது. எட்டின் கடைசி வளைவில் காலை ஊன்றிவிட்டார். "ரொம்ப நாளா வண்டியத் தொடலையா, காலு தானா எறங்கிருச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். யாரையும் குறை சொல்கிற குரல் இல்லை. எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதன்பின் ஞாயிற்றுக்கிழமைதோறும் சின்னாளபட்டிக்குப் போய், லைசென்ஸ் வைத்திருக்கும் ஆளாக அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அவர் ஓட்டிப் பழகினார். அடுத்த முறை தேறிவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு என் வண்டியை இரவல் கொடுத்திருக்கிறேன். கொடுப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஆனால் வண்டி திரும்பி வரும்போது என் கண் முதலில் வண்டியின் மேல்தான் போகிறது. அவரைப் போல முதலில் ஆளைப் பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை.