தோல் அளக்கும் கம்ப்யூட்டர்

ஆம்பூர் தொழிற்சாலையில் தோல் அளக்கும் மெஷினோடு இருந்த பழைய கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டுப் புதியது வைக்கப் போயிருந்தேன். தோல் வாசனை மூக்கில் ஏறியதும் வாலாஜாபேட்டையில் அம்மா தோல் அளந்த, பிறகு இடித்துப்போட்ட அந்த ஷெட் நினைவுக்கு வந்துவிட்டது: மெஷினின் ஓயாத இரைச்சல், தோலை விரித்து விரித்துக் காய்த்துப்போன அம்மாவின் கைகள், தோல் கட்டின்மேல் நான் எழுதிய வீட்டுப்பாடம். படிக்காத அம்மா என் நோட்டைப் பார்த்துக் கற்றது, பாபு என்ற என் பெயரின் இங்கிலீஷ் எழுத்துகளை மட்டும்தான்.

"பாஸ்வேர்டு இன்னாக்கா?" என்று அங்கே மெஷின் ஓட்டும் அக்காவிடம் கேட்டேன்.

"பி, ஏ, பி, யு. வாலாஜாலேர்ந்து மெஷினோட வந்தது தம்பி. எந்த மவராசி வெச்சாளோ!"

அடித்தேன். திறந்தது. செத்துப்போகும்வரை அம்மா இதைச் சொல்லவே இல்லை.

"இன்னா தம்பி, கழட்லியா?"

"நல்லாத்தானேக்கா ஓடுது."