அக்கா பார்க்காத ஆடிவேல்

1972 ஜூலை 24, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து, தேயிலைத் தோட்டத்தின் காலைப் பெரட்டில் வேலைக்கு வந்தவர்களின் பெயர்களைப் பதிந்துவிட்டு, அக்காவை ரயிலேற்ற அப்புத்தளைக்குப் போனேன். இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தப்படி, இந்தியாவுக்கே ஒரேயடியாகக் கப்பலேற வேண்டிய நாள் அவளுக்கு வந்துவிட்டது.

கொழும்பு ஆடிவேல் விழாவின் வெள்ளித் தேரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுவதும் அதே ஆடி மாதத்தில்தான். அப்போது தோட்டத்தில் யாருக்கும் லீவு கிடைக்காது என்று, ஆபீஸ் கிளாக்கரான நான் ஆண்டுதோறும் அவளை நிறுத்திவைத்தேன்.

ரயிலில் ஆடிவேலுக்குப் போகும் பதுளை அம்மாள் ஒருவர் பழக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். அக்கா அவரிடம் ஒரு சூடப் பொட்டலத்தை நீட்டினாள்.

"எம் பேருக்கும் ஏத்திடுங்கம்மா."

"நீங்களும் இந்த ரயில்லதானே வர்றீங்க?"

"நான் பொல்காவலையில எறங்கி, கப்பலுக்கு மன்னார் வண்டி புடிக்கணுங்க."

பிறகு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏன்டா தம்பி, தொரைகிட்ட ஒரு வாட்டியாவது லீவு கேட்டுப் பாத்தியா?"

கேட்டதே இல்லை. வண்டி நகர்ந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தோட்ட நிர்வாகியான துரையிடம் போய், ஆடிவேலுக்கு இரண்டு நாள் லீவு கேட்டேன். அவர் தலை நிமிராமலே சரி என்றார்.