முப்பத்தொரு கமெண்ட்

எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. மாத்திரை அட்டையில் மிச்சம் எத்தனை என்று காலையிலும் பார்ப்பேன், மாலையிலும் பார்ப்பேன். வீட்டில் சகித்துக்கொள்கிறார்கள். அலுவலகத்தில் இந்தப் பழக்கத்தால் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது.

நூற்பாலை ஒன்றின் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மனைவியின் தம்பி மகன் நாகமலை புதுக்கோட்டையில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறான். ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு வேண்டிய மென்பொருள் செய்கிறார்கள். "சும்மாதான இருக்கீக மாமா, புதுப் பிள்ளைக எழுதுற புரோகிராமை ஒரு பார்வை பாத்துக் குடுங்க" என்று கூப்பிட்டான். போகிறேன். அவர்கள் எழுதியது திரையில் வரும். சரியில்லை என்று படும் வரிக்குப் பக்கத்தில் நான் ஒரு கமெண்ட் போடுவேன். திருத்துவார்கள், அல்லது பதில் எழுதுவார்கள்.

அந்த முறை சேர்ந்தவர்கள் மூவர். இரண்டு பையன்கள், பேரையூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. ஆறு மாதம் பார்த்துவிட்டு இருவரைத்தான் வைத்துக்கொள்வேன் என்று மாப்பிள்ளை முதலிலேயே சொல்லிவிட்டான். வேலை நிலைக்கவில்லை என்றால் விடுதியைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று அந்தப் பெண்ணின் வீட்டில் பேச்சு. டீ குடிக்கும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பையன்களில் ஒருவன் எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறவன். எதைச் சொன்னாலும் "ஓகே சார், மாத்திர்றேன் சார்" என்பான். நான் தவறாகச் சொன்னாலும் மாற்றிவிடுவான். அவனுக்கு ஒன்றிரண்டு கமெண்ட்டுக்கு மேல் எழுத எனக்குக் கை வராது.

அந்தப் பெண் அப்படியில்லை. ஒருவர் பரிசோதனைக்கு வந்தால் அவருடைய பழைய அறிக்கையைத் தேடி எடுக்கும் பகுதி அவளுடையது. பெயர், இனிஷியல், ஊர் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று எழுதியிருந்தாள். "உங்கள் ஊரில் குலசாமி பெயர் வைத்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டேன். "எங்க தெருவுலயே ஆறு பேர் சார். போன் நம்பரையும் சேத்துட்டேன்" என்றாள். வீட்டுக்கே ஒரு போன் என்றால் என்ன செய்வாய் என்றேன். "ஒரே வீட்டுல ஒரே பேருல ரெண்டு பேரா சார்?" தாத்தா பெயரைத்தானே பேரனுக்கு வைக்கிறோம், தலைமுறை தவறாமல் வைத்தால் இனிஷியலும் ஒன்றாகிவிடுமே என்று எழுதினேன். வயதைச் சேர்க்கச் சொன்னேன். அதற்கு அவள் எழுதிய பதில் இது: "வயசு எங்க ஊர்ல குத்துமதிப்புதான் சார். முடிவை மெஷின் எடுக்க வேணாம். ரெண்டு பேரையும் திரையில காட்டுவோம். கவுண்ட்டர்ல இருக்கவுக ஆளைப் பாத்தாலே தெரிஞ்சிரும், தாத்தாவா பேரனான்னு."

அவள் சொன்னதுதான் சரி. நான் "ஓகே" என்று மட்டும் போட்டேன்.

ஆறாவது மாதம் மாப்பிள்ளை படியில் இறங்கிக்கொண்டே கேட்டான்: "மாமா, மூணு பேருல எவன் தேறுவான்?"

"ஒருத்தனுக்கு நாலு கமெண்ட், இன்னொருத்தனுக்கு ஏழு, அந்தப் பொண்ணுக்கு முப்பத்தொண்ணு" என்றேன். அதற்குள் அவனுக்குப் போன் வந்தது. கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த முறை நான் போனபோது அந்தப் பெண் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"சார், நான் அம்புட்டு மோசமாவா எழுதுறேன்?"

"யாரு சொன்னா?"

"ஓனர் அண்ணன்தான். மத்தவுகளுக்கு நாலு, ஏழு, உனக்கு முப்பத்தொண்ணு, இந்த மாசத்தோட போதும்மான்னுட்டாரு."

ஒருவர் எழுதிய புரோகிராமில் யோசிக்க இடமிருந்தால்தான் நான் நிறைய எழுதுவேன். அது எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் எழுதியது அத்தனையையும் திறந்து மறுபடி படித்தேன். "நன்றாக இருக்கிறது" என்று ஓரிடத்தில்கூட இல்லை.

மாப்பிள்ளையை இழுத்து வந்து திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன்.

"நீங்கதான மாமா சொன்னீக? முப்பத்தொரு தப்புன்னா வேற என்ன அர்த்தம்?"

"தப்புன்னு நான் எப்ப மாப்ள சொன்னேன்? கமெண்டுன்னேன். மொதல்ல இருந்து படி."

படித்தான். நான் பக்கத்தில் விரல் விட்டு எண்ணினேன். முப்பத்தொன்றில் பன்னிரண்டு அவள் எனக்கு எழுதிய பதில்கள். மீதி என்னுடையவை, அதில் ஐந்து இடத்தில் நான் சொன்னது தவறு, அவள் சொன்னது சரி. தாத்தா, பேரன் இடத்துக்கு வந்ததும் அவன் நிமிர்ந்தான்.

"மாமா, எங்க அப்பாவும் என் மகனும் ஒரே பேரு, ஒரே இனிஷியல். போனும் என் நம்பர்தான்."

"ஆமா. அவ அப்படி எழுதலேன்னா, பேரன் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு உங்க அப்பன் சர்க்கரை மாத்திரையை நிப்பாட்டியிருப்பாரு. அவருக்குச் சாக்குதான வேணும்."

அவன் சிரித்துவிட்டு, மற்ற இருவருக்கும் நான் எழுதியதைத் திறந்தான். ஏழு வாங்கியவனிடம் இரண்டு பதில்கள் இருந்தன. நாலு வாங்கியவனிடம் இரண்டு "ஓகே சார்".

அந்தப் பெண் வேலையில் இருக்கிறாள். அடுத்து அவள் அனுப்பியதில் ஒரு வரிக்குப் பக்கத்தில் "இது நன்றாக வந்திருக்கிறது" என்று எழுதினேன். "இதையும் எண்ணுவீங்களா சார்?" என்று பதில் வந்தது.

நாலு கமெண்ட் பையன் மாதக் கடைசியில் போனான். போகும்போதும் "ஓகே சார், வாரேன் சார்" என்றான். ஏன் என்று அவன் கேட்கவில்லை. ஒருவேளை அவனுக்கும் முப்பது எழுதியிருந்தால், ஒன்றிலாவது என்னோடு சண்டைக்கு வந்திருப்பானோ என்னவோ. இப்போது சேர்ந்திருப்பவர்களில் ஒருத்திக்கு இதுவரை மூன்றுதான் எழுதியிருக்கிறேன். திரையை மூடவிருந்தவன், மறுபடி முதல் வரிக்குப் போனேன்.