நாணல் பாத்தித் தண்ணீர்

1986 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. மழை விட்டு இரண்டு நாளாகியும் தில்லி மயூர் விஹாரில் புழுக்கம் குறையவில்லை. எங்கள் கூட்டுறவுக் குடியிருப்பின் பொதுக்குழு ஷாமியானாப் பந்தலில் கூடியிருந்தது. நாற்பத்தெட்டு வீடுகளுக்கு நாற்பத்தொரு பேர்.

பின்பக்கத்துப் பள்ள நிலத்தை என்ன செய்வதென்று அன்று முடிவாக வேண்டும். மண் கொட்டி மேடாக்கிப் பன்னிரண்டு கடை கட்டினால், வரும் வாடகையில் எங்கள் பராமரிப்புக் கட்டணம் பாதியாகும். பென்ஷனில் காலம் தள்ளுகிற எனக்கு அது பெரிய விஷயம். இரண்டாம் மாடி என்ஜினீயர் வேறு திட்டம் வைத்திருந்தார். மேட்டு ஓரத்தில் ஐந்து கடை போதும். பள்ளத்தில் சரளைக்கல் பரப்பி, நாணல் நட்டு, வீடுகளின் கழிவுநீரை அதன் வழியே வடிய விட்டால் யமுனைக்குப் போகிற நாலாவில், அந்தச் சாக்கடைக் கால்வாயில், அழுக்கு சேராது, மழைத் தண்ணீர் தேங்கவும் இடமிருக்கும் என்றார். ஐந்து கடைக்குக் கட்டணம் எவ்வளவு குறையும் என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றார். கொஞ்சம் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

பம்ப் அறைக்குப் பின்னால் சோதனைக்காக அவர் போட்ட ஒரு நாணல் பாத்தி நான்கு மாதமாக இருந்தது. அவர் இரண்டு பாட்டில்களை மேஜைமேல் வைத்தார். பாத்திக்குள் போன தண்ணீர் கறுப்பு. வெளியே வந்தது கண்ணாடி மாதிரி. பாத்தி என் ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. அந்த வாரம் முழுக்க அவர் பாட்டிலோடு அங்கே போய் நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

எழுந்து போய்த் தெளிந்த பாட்டிலை எடுத்தேன். "இது குழாய்த் தண்ணி. குளோரின் வாடையே காட்டிக் கொடுத்துடும்."

"ஸார், வேண்டாம்! அது நாலாவில விடறதுக்கு, குடிக்கிறதுக்கு இல்ல" என்று அவர் பாட்டிலைப் பிடுங்க வந்தார்.

பயந்துவிட்டார் என்று நினைத்தேன். மூன்று மடக்கு குடித்தேன். குளோரின் இல்லை. சேறும் சோப்பும் கலந்த ஒரு ருசி.

"என்ன அண்ணாச்சி, குழாய்த் தண்ணியா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லை."

"அச்சா! அண்ணாச்சியே குடிச்சுக் காட்டிட்டாரு. அப்புறம் என்ன? கையைத் தூக்குங்கப்பா, ஜல்தி!" என்று அவரே கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

ஒரே சிரிப்பு. நாணலுக்கு இருபத்தாறு கைகள். இரண்டு தடவை எண்ணினேன்.

மறுநாள் விடிவதற்குள் ஏழு தடவை கக்கூஸுக்குப் போய்விட்டேன். காலையில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். "டாக்டர் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்க. மறுபடி ஓட்டெடுக்கட்டும்" என்றாள் மனைவி. நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஆனால் வேறென்ன சாப்பிட்டேன் என்று டாக்டர் கேட்டபோது, கூட்டத்தில் கொடுத்த சமோசா நான்கு என்று உள்ளதைச் சொல்லியிருந்தேன். அவர் சீட்டில் 'வெளித் தின்பண்டத்தால்' என்று எழுதிவிட்டார். அதை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன பேசுவது? டாக்டரும் என்ஜினீயரும் தினம் சேர்ந்து வாக்கிங் போகிறவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

டாக்டருக்கு இரண்டு தடவையாக ஐம்பது, மாத்திரை நாற்பத்தாறு அறுபது, குளுக்கோஸ் ஒன்பது, ஆட்டோ இருபத்திரண்டு. மொத்தம் நூற்றிருபத்தேழு ரூபாய் அறுபது பைசா.