வரைபடத்தில் பச்சையாயிருந்த பிள்ளைக்காம்பிரா

இரத்தினபுரியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தைக் கம்பியூட்டரில் வரைவது. அதற்கு முந்தின ஆண்டு பெய்த மழையில் எங்கள் மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்து இறங்கியிருந்தது. மழையின் போக்கே மாறிவிட்டது, இனி கொட்டினால் இப்படித்தான் கொட்டும், தோட்டங்களை அதற்குத் தயார்செய்ய வேண்டும் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். கம்பியூட்டர் படித்த, தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும் என்றார்கள். றக்வானைக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயத்திலிருந்து உயர்தரம் வரை படித்து வந்தவள் நான். விண்ணப்பித்தேன், கூப்பிட்டார்கள்.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு சிங்களப் பொறியியலாளர். வயது முப்பதுதான் இருக்கும். நாங்கள் அவரை சேர் என்று கூப்பிடுவோம். கோபப்பட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பழைய நில அளவைப் படத்தை ஸ்கேன் செய்து திரையில் வைத்து, அதன் உயரக்கோடுகளை மவுஸால் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து வரையச் சொல்லிக்கொடுத்தார். கண் எரியும். கோடு எங்கேயாவது விட்டுப்போனால் திரும்பவும் தொடங்க வேண்டும். பல வாரம் அந்த வேலையாகவே இருந்தேன்.

கோடுகள் முடிந்த பிறகு மென்பொருள் தானாகவே சரிவைக் கணக்கிட்டு நிறம் போட்டது. செங்குத்தான இடம் சிவப்பு, நடுத்தரம் மஞ்சள், தட்டையான இடம் பச்சை. எங்கள் மேல் லயம் முழுவதும் சிவப்பாக வந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே பிள்ளைக்காம்பிரா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. அது மட்டும் நல்ல பச்சையாக இருந்தது. சேருக்குத் திருப்தி. பெருமழை நாட்களில் மேல் லயத்துச் சனங்களை அங்கே கொண்டுவந்து தங்கவைக்கலாம் என்று திட்டத்தில் எழுதினார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. நானே அந்தக் கட்டடத்தில் தவழ்ந்தவள்.

படத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனோம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் சனங்கள் கூடியிருந்தார்கள். படத்தைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு நிறமும் என்ன என்று நான் தமிழில் விளக்கினேன். பலர் தங்கள் லயத்தைத் தேடிப் பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள். ஒருத்தி மட்டும் நகராமல் நின்றாள்.

அவளும் நானும் எட்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். கணக்கில் அவள்தான் என்னைவிடக் கெட்டி. அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்தபோது அவள் படிப்பை விட்டுக் கொழுந்துக்கூடை எடுத்தாள். நான் டவுனில் தங்கிப் படித்தேன். லீவுக்கு வரும்போது அவள் மலையிலிருந்து இறங்குவதைக் கண்டால், என்ன பேசுவதென்று தெரியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அவள் அதைக் கவனித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். இப்போது அவளுக்குப் பிள்ளைக்காம்பிராவில் இரண்டு வயதில் ஒரு மகள்.

அவள் அந்தப் பச்சையில் விரலை வைத்து, மரியாதையாகத்தான் கேட்டாள்.

“இது பயமில்லாத எடம்னு யாருங்க சொன்னது?”

கம்பியூட்டர் கணக்குப் போட்டுச் சொல்கிறது என்றேன்.

“அதுக்கு நேர் மேல, ஏழாம் நம்பர் மலையில, நாங்க காலு வச்சா கணுக்கால் வரைக்கும் எறங்குதுங்க. வெயில் காலத்துலயும் அப்பிடித்தான். அதையும் கணக்குல சேத்தீங்களா?”

சேர் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. என் முதல் படம், இத்தனை பேர் முன்னால். மேலே கொஞ்சம் ஈரமாக இருக்கிறதாம் என்று சிங்களத்தில் சுருக்கிச் சொன்னேன். தேயிலை மலை என்றால் ஈரம் இருக்கத்தானே செய்யும் என்று அவர் தலையாட்டினார். அவளுக்கும் சிங்களம் தெரியும். நான் எதைச் சொன்னேன், எதை விட்டேன் என்பது அவளுக்குப் புரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தப் பார்வை வாரம் முழுவதும் என்னை விடவில்லை. அவள் பிள்ளையோடு மேல் லயத்துப் பிள்ளைகளும் அந்தக் கட்டடத்தில் இருக்கப்போகிறார்கள். நான் விழுங்கிய ஒரு வாக்கியத்தால் ஏதாவது ஆகிவிட்டால்? வெள்ளிக்கிழமை சேரின் மேசைக்கு முன்னால் போய் நின்று, அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அன்றைக்கு நான்தான் குறைத்துச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய், அலுமாரியிலிருந்து கைக்கு அடக்கமான ஜிபிஎஸ் கருவியை எடுத்துத் தந்தார். அந்த ஈரம் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் நின்று புள்ளி எடுத்துவரச் சொன்னார்.

அவளும் இன்னும் இரண்டு பெண்களும் என்னோடு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினார்கள். நிழல்மரங்களுக்குக் கீழே கருவி லேசில் இடத்தைப் பிடிக்காது. மரம் விலகிய இடம் பார்த்து, கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவர்கள் காட்டியதையெல்லாம் அத்தனை வருடம் அங்கே வளர்ந்த நான் பார்த்ததே இல்லை. ஒரு வரிசைத் தேயிலைச் செடிகள் முழுவதும் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. மழைத்தண்ணீர் போக வெட்டிய பழைய கான் நடுவில் பிளந்து, தண்ணீர் அதற்குள்ளேயே இறங்கிக் காணாமல் போயிற்று. கொழுந்து பறிக்கும்போது எங்கே கால் புதையும் என்பது அவர்களுக்கு நிரை நிரையாகத் தெரிந்திருந்தது.

ஓரிடத்தில் கருவி நெடுநேரம் தேடிக்கொண்டிருந்தது. அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“லீவுக்கு வந்தா ஏன் பேசாமப் போவ?”

அந்த ‘போவ’ என்ற ஒருமை எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. உன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது என்றேன்.

“எனக்கு ஒம்மேல கோவந்தான். ஆனா நீ திரும்ப வந்துட்டல்ல. சரி, புள்ளி விழுந்துருச்சா பாரு.”

ஆபீசில் அந்தப் புள்ளிகளைப் படத்தில் ஏற்றியபோது சேர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சிதறிக் கிடக்கும் என்று நினைத்தவை வளைந்த அரிவாள் போல ஒரே கோட்டில் விழுந்திருந்தன. அரிவாளின் உள்வளைவுக்கு நேர் கீழே பிள்ளைக்காம்பிரா. தவறு எங்கே நடந்தது என்று அவரே எனக்கு விளக்கினார். கட்டடம் கட்டுவதற்காக அந்த இடத்தை ஒருகாலத்தில் வெட்டிச் சமப்படுத்தியிருக்கிறார்கள். மென்பொருள் கட்டடத்தின் காலடியைத்தான் அளந்திருக்கிறது. தலைக்குமேல் என்ன இருக்கிறது என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. அரிவாள் வளைவுக்குள் மண் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த சின்னக் குழிவு, எட்ட எட்ட இருந்த உயரக்கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டது.

பிள்ளைக்காம்பிராவை மாற்றவும் மலையில் மரம் நடவும் கேட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து மனேஜரிடம் போனோம். தொரை லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. அது நல்ல கொழுந்து கொடுக்கும் மலை, அங்கே செடியைப் பிடுங்கி மரம் நடு என்றால் கம்பனிக்கு அவர் என்ன பதில் சொல்வது? பிள்ளைக்காம்பிராவை மாற்ற வேறு இடமும் இல்லை என்றார். சேர் படத்தைக் காட்டி வாதாடினார். எழுதிவைத்திருந்த பதிலைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் கதவோரம் நின்ற அவள் நேராக அவரிடம் சிங்களத்தில் பேசினாள்.

“எவில்லா பலன்ன, மாத்தயா.” வந்து பாருங்கள் ஐயா, அவ்வளவுதான். என் மகள் அங்கேதான் தூங்குகிறாள் என்று மட்டும் சேர்த்துக்கொண்டாள்.

தொரை தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மலையில் அவள் சுட்டிய இடத்தில் காலை வைத்தார். சப்பாத்து முழுவதும் உள்ளே போயிற்று. இழுத்தபோது அந்தக் குழியில் தண்ணீர் ஊறி நிரம்பியது. மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. அவர் குனிந்து அந்தத் தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு கணக்கப்பிள்ளையின் பழைய வீடு பாதையோரம் பூட்டிக்கிடக்கிறதே, அதைத் திறந்து சுத்தம்செய்யலாமா என்று சேரிடம் கேட்டார்.

அந்த மாதமே பிள்ளைகள் இடம்மாறினார்கள். கான் வெட்டும் ஆட்கள் தண்ணீரைக் குழிவுக்கு வெளியே திருப்பிவிட்டார்கள். அரிவாள் கோட்டுக்கு மேலே மரக்கன்றுகளும் வெட்டிவேரும் நட்டோம். நானும் சேறு பூசிக்கொண்டு நட்டேன்.

அடுத்த வைகாசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மேல் லயத்துக் குடும்பங்கள் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு இறங்கிவந்தன. மூன்றாம் நாள் பகலில் ஏழாம் நம்பர் மலையின் ஒரு துண்டு சரிந்தது. பாதை திறந்ததும் நான் பஸ் பிடித்து ஓடினேன். பழைய பிள்ளைக்காம்பிராவின் பின்சுவரில் ஜன்னல் மட்டத்துக்கு மண் ஏறிக் கிடந்தது. கான் மாற்றியிருக்காவிட்டால் முழு மலையுமே வந்திருக்கும் என்று சேர் சொன்னார். அது எனக்குத் தெரியாது. உள்ளே யாரும் இருக்கவில்லை என்பது மட்டும் தெரியும். அவள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் அழுதோம். பிறகு கணக்கப்பிள்ளை வீட்டில் தங்கியிருந்தவர்களுக்கு ரொட்டி சுட ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள், போனோம்.

பக்கத்துத் தோட்டங்களுக்குப் புள்ளி எடுக்க அவளையும் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் ஆபீசுக்கு வந்தவள் மவுஸைப் பிடித்து, புள்ளிகளுக்குப் பக்கத்தில் வெறும் இலக்கங்கள் இருப்பதைப் பார்த்தாள். அந்த இடங்களுக்கு ஆட்கள் சொல்கிற பேர் இருக்கிறதே, அதைப் போடக்கூடாதா என்று கேட்டாள். அந்த மென்பொருள் தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டியது. சேர் இரண்டு நாள் மெனக்கெட்டு எங்கிருந்தோ ஒரு எழுத்துருவைத் தேடிப் போட்டார். அவள் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். சறுக்குப்பாறை. நண்டு ஊத்து. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒன்பது இடத்துப் பேர் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றாள்.