போக மீதி

பத்திரம் எழுதும் ஆபீசில் டைப் அடிக்கிற எங்களுக்குப் பிடிக்காத சொற்கள் இரண்டு உண்டு: "போக மீதி". இத்தனை மாவில் இவ்வளவு போக மீதி இவ்வளவு என்று ஒவ்வொரு பத்திரத்திலும் கழித்துக் காட்ட வேண்டும். அடிப்பது ஏக்கர், செண்ட் என்றாலும் கீழ்வேளூர்ப் பக்கத்தில் வாயில் வருவது மா கணக்குதான். மூன்று மா ஒரு ஏக்கர். முழு எண்ணிலிருந்து கலப்பு பின்னத்தைக் கழிக்கச் சொன்னதும் பெஞ்சுக்கடியில் பேனாவைத் தேடியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

எட்டில் மூன்றரை

சென்னையில் குடியேறிவிட்ட ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், எட்டு மாவில் மூன்றரையைத் தம்பிக்கு எழுதி வைக்க வந்தார். "மீதி அஞ்சரை" என்றார். எட்டில் மூன்று போனால் ஐந்து, அரை எப்படியும் அரைதானே என்பது அவர் கணக்கு. "நாலரை சார்" என்றேன். கூச்சத்தில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. "உன் பேச்சுல முக்கால் உள்ளேயே தங்கிடுதும்மா, சத்தமாச் சொல்லு" என்றார் எங்கள் முதலாளி.

சத்தமாகச் சொன்னேன். வாத்தியார் விரல்விட்டு எண்ணினார், மறுபடியும் எண்ணினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "நான் தமிழ் வாத்தியார்மா. கணக்கு பக்கத்து கிளாஸ்."

செல்போன் சொன்ன மீதி

அறுவடை மிஷின் ஓட்டும் தம்பி ஒருவர், தன் ஆறு மாவில் ஒன்றேகாலை மட்டும் விற்க வந்தார். என்னை நம்பாமல் செல்போனை எடுத்தார். கால் என்றால் நாலில் ஒன்று என்பதால் ஒன்று, புள்ளி, நாலு என்று தட்டினார். "நாலே ஆறுன்னு காட்டுது. அப்படி ஒரு அளவு இருக்காக்கா?"

காகிதத்தில் ஆறு கட்டம் போட்டேன். ஒன்றை முழுசாக அடித்தேன், இன்னொன்றை நாலாகக் கோடு போட்டு ஒரு துண்டை அடித்தேன். மிச்சம் நாலேமுக்கால். கட்டங்களையும் செல்போனையும் மாறி மாறிப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது: "அப்ப செல்லுக்கும் இந்தக் கணக்கு வராதா? நல்லவேளை, நான் மட்டும் இல்ல."

மூன்றேகால்

கூலி வேலை பார்த்து வாங்கிய ஐந்து மாவில் ரெண்டேமுக்காலை ஒரே மகளுக்கு செட்டில்மெண்ட் எழுத வந்தார் ஜெயக்கொடியம்மா. மகள் வெண்ணிலாவும் கூட வந்திருந்தாள். "மீதி மூணேகால் எனக்கு. அதுல விளையுறது போதும். கடைசிவரைக்கும் யார் கையையும் பார்க்க வேணாம்" என்று அம்மா சிரித்தார்.

முதலாளி வெளியே போயிருந்தார். மீதி ரெண்டேகால்தான் என்பதை நானே சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்பாது. தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தேன். "அம்மா, அஞ்சுல ரெண்டு போனா மூணு. அந்த மூணுலேர்ந்துதானே இன்னும் முக்கால் போகணும்?"

அவர் உதடு அசைந்தது. "ஒரு மா குறையுதே... சரி, அடிம்மா. ரெண்டேமுக்கால்னு சம்பந்தி வீட்ல வாய்விட்டுச் சொல்லிட்டேன். மாத்திச் சொன்னா இவளுக்குத்தான் பேச்சு." சிரிப்பு போய்விட்டது. ரெண்டேகாலில் எத்தனை மூட்டை வரும் என்று தனக்குள் முணுமுணுத்தார்.

வெண்ணிலா அதுவரை என் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அக்கா, எனக்கு ஒண்ணேமுக்கால்னு அடிங்க. மாமியார்கிட்ட நான் பேசிக்கிறேன். எங்கம்மா சொன்ன மூணேகால்தான் விடை, கணக்கை மாத்துங்க."

விடையைத் தொடாமல் கேள்வியைத் திருத்தி முழு மார்க் போட்டது அன்றைக்கு ஒருநாள்தான், கணக்கு டீச்சர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும்.