மிதவையடியில் பிடித்த கடல் விரால்

படகில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சுக்கானில் படகுக்காரர், வங்காளி, கேட்டால் மட்டும் பேசுவார். முன்பக்கம் என் வீட்டுக்காரர். அவர் பக்கத்தில் அவருடைய தம்பி, பாங்கு ஆபீசர். நடுவில் டாக்குரியாவில் மிட்டாய்க்கடை வைத்திருக்கும் தாதா. இங்கே அண்ணன் என்றால் தாதா, அண்ணி என்றால் பௌதி. எங்கள் தூண்டில் கிளப்புக்கு அவர்தான் நடுவர். பின்பக்கம் நான்.

கிளப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. டாலிகஞ்சில் ஒரு அறை, ஒரு முற்றம். வருஷம் முழுக்கக் குளத்தில் டிக்கெட் எடுத்து ரோகு, கட்லா பிடிப்பார்கள். குளிர்காலத்தில் வண்டி வைத்துக் கடலோரம் போய், அங்கே டிராலர் எடுத்து ஆழக்கடலுக்குப் போவார்கள். அந்த சீசனில் கடலில் யார் பிடித்தது பெரிய மீனோ, அவருக்கு அந்தமான் படகில் ஒரு இடம். கிளப் செலவு. அங்கே தண்ணீர் நீலமாக, வெதுவெதுப்பாக இருக்குமாம். மயில்மீன் தண்ணீரை விட்டு ஆள் உயரம் எழும்புமாம்.

எனக்கு அந்த இடம் வேண்டும். கல்யாணமாகி இந்த வங்காள ஊருக்கு வந்ததிலிருந்து எதற்கும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை.

அதுவரை முதலில் நின்றது கொழுந்தனின் பதினெட்டு கிலோ வஞ்சிரம். அன்று கடைசிப் பயணம்.

"அண்ணி, வாந்தி வந்தா அண்ணன் சட்டைல எடுத்துடாதீங்க" என்றான் கொழுந்தன். "குழம்புக்குப் புளி ஊறப் போட்டாச்சா?"

"உங்க மீனுக்குப் புளி எதுக்கு தம்பி? ரசத்துலயே கரைஞ்சிடும்."

வீட்டுக்காரர் சிரித்தார். தம்பி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"ஆறாங்கிளாஸ் படிச்சவங்களுக்கு வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல" என்றான்.

நான் இரையைக் கோத்தேன். உயிர் மீன், முதுகில் தூண்டில் ஊசி.

கடல் மீனுக்கு ஒரு சட்டம் உண்டு. தூண்டிலில் மாட்டியதிலிருந்து படகுக்கு வரும்வரை ராடை, அதாவது தூண்டில் கழியை, வேறு ஆள் தொடக் கூடாது. தொட்டால் அந்த மீன் கணக்கில் இல்லை. குளத்தில் இது தலைகீழ். பெரிய மீன் மாட்டினால் பக்கத்து ஆள் ஓடிவந்து ராடைப் பிடிக்கவேண்டும். பிடிக்காவிட்டால் மரியாதை தெரியாதவன் என்பார்கள்.

கப்பல் பாதையைக் காட்டும் மிதவை ஒன்று சங்கிலியில் ஆடிக்கொண்டிருந்தது. கடல் விரால் அந்த மாதிரி நிழலில்தான் நிற்கும். அதன் ஓரமாக இரையை விட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ரீல் கத்தியது.

மீன் சங்கிலிப் பக்கம் ஓடியது. சங்கிலியில் சுற்றினால் தூண்டில் நரம்பு அறுந்துபோகும். படகுக்காரர் சொல்லாமலே படகைப் பின்னுக்கு எடுத்தார். ராடின் அடியை இடுப்பு பெல்ட்டில் ஊன்றிக்கொண்டேன். இழுத்தேன், குனிந்தேன், சுற்றினேன். சுற்றியதை எல்லாம் மீன் திரும்ப எடுத்துக்கொண்டு போனது. முக்கால் மணி நேரம் இருக்கும். தோள் என்னுடையது மாதிரி இல்லை. பழுப்பு முதுகு ஒருமுறை மேலே வந்தது. தாதா வங்காளத்தில் கடவுள் பெயரைச் சொன்னார். கொழுந்தனுடைய வஞ்சிரம் பக்கத்தில் நிற்காது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

தாதா கொக்கிக் கழியை எடுக்கக் குனிந்தார். அப்போது கொழுந்தன் எனக்குப் பின்னால் வந்தான்.

"விடுங்க அண்ணி, கை போயிடும்!"

என் கைக்கு மேலே அவன் கை. ராடை நன்றாகப் பிடித்திருந்தான். குளத்துப் பழக்கம் என்று யாராவது சொல்லலாம். பதினோரு வருஷமாகக் கடலுக்கு வருகிறவன் அவன்.

முழங்கையைப் பின்னால் வீசினேன். அவன் உதடு கிழிந்தது. கையை எடுத்தான்.

தாதா நிமிர்ந்தபோது ரத்தத்தை மட்டும் பார்த்தார். மீனைக் கொக்கியில் வாங்கி உள்ளே போட்டோம். அது ஒரு பலகையை உடைத்துவிட்டுத்தான் அடங்கியது. ஐஸ் பெட்டிக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரியே வண்டியில் ஊர் திரும்பினோம்.

மறுநாள் காலை டாலிகஞ்ச் முற்றத்தில் எடை. எல்லார் முன்னாலும் நிறுப்பதுதான் வழக்கம். கொக்கித் தராசைக் கட்டிவிட்டு, தாதா எப்போதும் கேட்கிற கேள்வியை வங்காளத்தில் கேட்டார். ராடை வேறு யாராவது தொட்டீர்களா?

"யாரும் தொடல" என்றார் வீட்டுக்காரர் வங்காளத்திலேயே. "படகு ஆடிச்சு, தம்பி விழுந்துட்டான். அதான் உதடு."

எனக்காக அவர் தம்பிக்கு எதிராகச் சொன்ன முதல் பேச்சு அது.

கொழுந்தன் வீங்கிய உதட்டோடு சிரித்தான். என்னிடம் தமிழில் சொன்னான்.

"அண்ணன் சொல்றபடியே இருக்கட்டும் அண்ணி. நான் தொடலன்னே சொல்லிடறேன். பாவம், நீங்களும் ஒரு தடவை அந்தமான் பாத்துட்டு வாங்க. நான் குடுத்ததா இருக்கட்டும்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சரி என்று சொல் என்பது அந்தப் பார்வை. சொன்னால் இடம் எனக்கு. அந்தமானில் ஒவ்வொரு மீனும் இவன் கொடுத்ததாக இருக்கும். தீபாவளிக்கும் பூஜைக்கும் சோறு போடும்போதெல்லாம் இதே சிரிப்பைப் பார்க்கவேண்டும்.

"தொட்டான்" என்றேன். தாதாவுக்குப் புரியவேண்டும் என்று வங்காளத்திலும் சொன்னேன். "அதுக்குத்தான் அடிச்சேன்."

முற்றத்தில் யாரோ விசிலடித்தார்கள். கொழுந்தன் சிரிப்பதை நிறுத்தினான்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் வீட்டுக்காரர்.

அந்த மீன் கணக்கில் இல்லை என்றார் தாதா. தராசை அவிழ்க்கப் போனார்.

"இருக்கட்டும் தாதா."

"இனி எடை எதற்கு, பௌதி?"

மீனின் தாடையில் கொக்கியை மாட்டினேன். தோள் வலித்தது. தூக்க யாரும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. வால் தரையை விட்டு எழும்பும்வரை கயிற்றை இழுத்தேன். தராசு முள் ஆடியது, நின்றது.

முப்பத்து நான்கு கிலோ.